அறுபது லிட்டர் மீன்

1

எங்கள் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் இந்த வாரம் பிக்னிக் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதியிருக்கிறது. அறிவியல் ஆசிரியர்: அரிசி. நூலகர்: அடுப்புக்கரி. ஆமினா: தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சை. கடைசியில் கணக்கு டீச்சர், அதாவது நான்: ஒன்றும் வேண்டாம்.

வெளியார் பார்த்தால் சலுகை என்று நினைப்பார்கள். அது சலுகை இல்லை, தண்டனை. போன வருடம் இதே பிக்னிக்கில் நான் செய்த காரியத்துக்கு இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரில் பாதிப் பேருக்கு அது அரைகுறையாகத் தெரியும். முழுதாக நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் பூதலூர்க்காரி. கணவர் பிரபுவுக்குத் திருவாரூர் பக்கம். மாலத்தீவின் தெற்குக் கோடியில் ஒரு சின்னத் தீவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் நடந்தால் இருபது நிமிடத்தில் தீவைச் சுற்றிவிடலாம். மகள் மகிழினி நடந்தால் ஒன்றரை மணி நேரம், ஏனென்றால் அவள் ஒவ்வொரு நண்டிடமும் நின்று பேசுவாள். வேலை எனக்குத்தான். பிரபு என்னைச் சார்ந்தவர் என்ற விசாவில் வந்து, வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் கட்டடப் படங்கள் வரைகிறார். வரும்போது மகிழினிக்கு இரண்டு வயது. இப்போது ஐந்து. அழும்போது தமிழிலும் சண்டை போடும்போது இந்த ஊர் மொழியான திவேஹியிலும் பேசுகிறாள். எனக்குத் திவேஹி இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு ஆமினா, என்னைவிட ஏழு வயது மூத்தவள், தன்னைத் 'தாத்தா' என்று கூப்பிடச் சொன்னாள். இங்கே அக்காவுக்கு அப்படித்தான் பெயராம். மகிழினி கூப்பிட்டுவிட்டாள். எனக்கு நெடுநாள் வாய் வரவில்லை.

இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்கள் வீட்டில் கவிச்சி சேர்க்காத நாட்களும் அவைதான். நேரம் இருக்கிற நாளில் மீன் கூடாது, மீன் கூடுகிற நாளில் நேரம் இல்லை. வந்த புதிதில் மாமியாரிடம் போனில் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"கடல் தாண்டிப் போயிட்டீங்க. அங்க சாமிக்கு என்ன கிழமைன்னு நமக்கு எப்புடித் தெரியும்? சாப்புடுங்க. ஆனா எங்கிட்ட சொல்லாதீங்க."

ஆகவே இந்தக் குறிப்பு அவர் கண்ணில் பட்டால்: அத்தை, அந்தப் பிக்னிக் நடந்தது புதன்கிழமை.

2

அந்தப் பிக்னிக் சமயத்தில் என் இரண்டு வருட ஒப்பந்தம் முடிய இருந்தது. நீட்டிப்பதற்கு ஒரு படிவம் உண்டு. தலைமையாசிரியர் ஷரீஃபா மேடம் அதில் பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டுத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். என் விசா போனால் பிரபுவின் விசா போகும், மகிழினியின் விசாவும் போகும். ஊரில் பிரபு பார்த்த வேலை எப்போதோ போய்விட்டது. இந்த முறை உள்ளூர்க்காரர் ஒருவரைப் போடப்போகிறார்கள் என்று வேறு ஆசிரியர் அறையில் பேச்சு.

படிவத்தோடு இணைக்க வேண்டிய காகிதங்களே என் பாதி உயிரை வாங்கிவிட்டன. என் பிறப்புச் சான்றிதழில் பூதலூர் ஒரு மாதிரி ஆங்கிலத்தில் இருக்கிறது, கல்யாணச் சான்றிதழில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஊர்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பூதலூர் ஒன்றுதான் என்று யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? மகிழினியின் புகைப்படம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை வாய் திறந்திருந்ததாம். இரண்டாம் முறை படுக்கை விரிப்பைப் பின்னால் கட்டி எடுத்தோம், விரிப்பின் ஓரத்தில் மயில் தெரிந்ததாம்.

எல்லாம் சேர்ந்தபோது பிக்னிக்குக்கு இரண்டு நாள் இருந்தது.

"ஆபீஸ்ல நீட்டாத. பிக்னிக்ல மேடம் சிரிச்ச முகமா இருப்பாங்க, அப்ப நீட்டு" என்றார் பிரபு.

"கடல்ல நனைஞ்சிட்டா?"

"ரெண்டு கவர்ல போடு."

மூன்று கவரில் போட்டேன். என் கைப்பையில் அன்று இருந்தவை: படிவம், காய்ச்சல் மருந்து, அளவு பார்க்கும் மூடி, வாந்தி மாத்திரை, மகிழினிக்கு நான்கு செட் உடுப்பு, விசில், ஓம வாட்டர், கல்லுப்பு, மஞ்சள் தூள், குழம்புப் பொடி, ஒரு உருண்டை புளி. கடைசி நான்கும் என் சொந்த யோசனை. மேடத்துக்கு நம் ஊர் மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் படிவத்தை நீட்டலாம் என்று இருந்தேன். வெறும் கையோடு நீட்டுவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

3

பதினெட்டுப் பேர், ஒரு படகு, மூன்று தீவுகள். படகோட்டி ஹசன்பே. பே என்றால் அண்ணன். அறுபது வயதிருக்கும். இளமையில் தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றிவரும் கப்பலில் வேலை பார்த்ததால் தமிழ் தெரியும். அதாவது வெங்காயம் வாங்கப் போதுமான தமிழ்.

முதலாவது தீவு என்று சொன்னார்களே தவிர அது தீவே இல்லை, மணல் திட்டு. மரமில்லை, நிழலில்லை, உட்கார ஒரு கல் இல்லை. கடலுக்கு நடுவில் யாரோ களத்துமேட்டை வைத்து மறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. மகிழினிக்கு வெயில் களிம்பு தடவ நான் மூடியைத் திறப்பதற்குள் அவள் தண்ணீரில் இருந்தாள். நான் கரையில் நின்று விசில் ஊதினேன். உடற்பயிற்சி ஆசிரியர் எதற்கோ அழைப்பு என்று நினைத்து நீந்தி வந்துவிட்டார்.

பிரபு கணுக்கால் ஆழத்தில் நின்று நாற்புறமும் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒரு கதிர் நெல்லுக்கு ஆவாது" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

இரண்டாவது தீவில் கடலோரம் ஒரு தேநீர்க் கடை. சூரை மீனை உதிர்த்துத் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். மஸ் ஹுனி என்று பெயர். சாப்பிடச் சாப்பிட அடுத்த ரொட்டிக்குக் கை தானாகப் போகும். ஆக்டோபஸ் குழம்பும் இருந்தது. கார்த்திகை மாத மழையில் காரமாக எதையாவது தின்னத் தோன்றுமே, அப்படி ஒரு காரம். நான் மகிழினிக்குக் கொடுக்கலாமா, தொண்டையில் சிக்குமா, ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கடைக்காரரிடம் திவேஹியில் பேசி ஒரு கிண்ணம் வாங்கிவிட்டாள். என்னிடம் வந்து, "எட்டு காலும் நான் கேக்கலம்மா. ரெண்டு போதும்னு சொன்னேன்" என்றாள்.

பிரபுவும் சும்மா இருக்கவில்லை. ஊரில் எங்களுக்கு இருபது தென்னை இருக்கிறது என்று நூலகரிடம் ஆரம்பித்தார். பேச்சு வளர வளர அந்த இருபதிலும் அவரே ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஆள் வந்து ஏறுவார், இவர் கீழே நின்று "பாத்து, பாத்து" என்பார் என்பதை நான் சபையில் சொல்லவில்லை. குடும்ப மானம்.

4

மூன்றாவது தீவில் ஆள் கிடையாது. தென்னையும் மணலும் பறவைகளும்தான். போகிற வழியிலேயே தூண்டில் கயிறு விட்டு ஒன்பது மீன் பிடித்திருந்தார்கள். சங்கரா மாதிரிச் சிவப்பாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கரையில் இறக்கும்போதும் துள்ளிக்கொண்டிருந்தன. இன்னும் மீன் பிடிக்க இரண்டு பேர் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு மணிக்கு வருவார்கள் என்றார்கள். போன் சிக்னல் கிடையாது.

"குழம்பு நான் வைக்கிறேன்" என்று மேடத்திடம் சொன்னேன். மேடம் புருவத்தை உயர்த்தி, பிறகு சரி என்று தலையாட்டினார். எல்லாரும் கடலில் இறங்கினார்கள். ஹசன்பே மரத்தடியில் தூங்கினார். மகிழினியைப் பார்த்துக்கொள்ளப் பிரபு போனார். நானும் ஒன்பது மீனும் மிஞ்சினோம்.

இங்கே கொஞ்சம் நம் ஊர் விஷயம் சொல்ல வேண்டும். என் அப்பா பாசன வாய்க்காலில் லஸ்கராக இருந்தவர். எந்த மதகை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, தண்ணீர் குறைந்தால் எந்த வயலுக்கு எப்போது முறை என்பதெல்லாம் அவர் வேலை. தை கடைசியில் ஆற்றை அடைத்ததும் வாய்க்கால் பள்ளங்களில் கெண்டையும் விராலும் தேங்கும். ருசியான மீன், ஆனால் சேற்று வாடை. அதைப் போக்க எங்கள் வீட்டில் ஏழு தண்ணீர் அலசுவோம். முதலில் வெறும் தண்ணீர். பிறகு கல்லுப்பு போட்டு. பிறகு சாம்பல் தொட்டுக் கல்லில் உரசி. பிறகு புளி. பிறகு மஞ்சள். பிறகு அரிசி கழுவிய தண்ணீர். ஏழாவது, மனசுக்காக. கையை மோந்து பார்த்து வாடை இருந்தால் முதலிலிருந்து. மீன் என்றால் இப்படித்தான் அலசுவது என்று என் கைக்குப் பழகிவிட்டது. மூளையைக் கேட்காமலே கை ஆரம்பித்துவிடும்.

மரநிழலில் மூன்று வெள்ளை டிரம், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். பக்கத்தில் குடிநீர் பாட்டில் படம் போட்ட பெரிய அட்டைப்பெட்டி. குடிக்கிற தண்ணீர் பெட்டியில், புழங்குகிற தண்ணீர் டிரம்மில் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள், கேஸ் அடைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருபவள், அந்தப் பெட்டியை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

அலசினேன். முழங்கை நீள மீனுக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டியிருந்தது. அடுப்புச் சாம்பலை எடுத்து ஒரு பவளக் கல்லில் உரசு உரசு என்று உரசினேன். சேற்று வாடை வரவில்லை. வராத வாடை போய்விட்டது என்று எப்படி நம்புவது? அதனால் ஏழை ஒன்பதாக்கினேன். பிறகு பலகையைக் கழுவினேன், அண்டாவைக் கழுவினேன், கத்தியைக் கழுவினேன். பிரபு மகிழினியைத் தூக்கிவந்தார். உடம்பெல்லாம் உப்பு. தோல் அரிக்குமே என்று மிச்சமிருந்த அரை டிரம்மில் அவளுக்கு ஒரு குளியல் போட்டேன்.

குளிக்கும்போது அவள்தான் கேட்டாள். "அம்மா, இது குடிக்கிற தண்ணில்ல?"

"குடிக்கிறது பெட்டியில இருக்குடா."

"பெட்டியில தட்டுதானே இருக்கு."

5

பெட்டியில் தட்டுகள்தான் இருந்தன. தட்டுகளும் டம்ளர்களும், ஒன்றுக்குள் ஒன்று அழகாக.

ஷரீஃபா மேடம் கடலிலிருந்து முதலில் ஏறிவந்தார். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு டிரம்மைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். ஒரு சொட்டு வந்தது. அடுத்த டிரம். அதற்கடுத்தது. பின்னாலேயே பதினோரு பேர் வந்து நின்றார்கள். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "ஃபென் கோபா?" தண்ணீர் எங்கே என்று அர்த்தம். திவேஹியில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

நான் ஈர மணலைக் காட்டினேன்.

ஹசன்பே எழுந்து வந்தார். டிரம்மைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்த மீன் துண்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து மோந்தார்.

"மிஸ், மீன் அழுக்கா?"

"இல்லீங்க. வாடை போவணும்னு."

"வாடை எங்கே? இது அஞ்சு நிமிஷம் முன்னாடி நீந்துச்சு." அவர் கடலைக் கைகாட்டினார். "நூறு வருஷமா அதுலதான் கழுவிக்கிட்டு இருந்துச்சு."

ஆமினா என் பக்கத்தில் வந்து மெதுவாக, மீனைக் கடல் தண்ணீரில்தான் அலசுவோம் என்றாள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள். அவர்கள் பிடித்த மீன் எனக்கு அருவருப்பாக இருந்ததா என்று. அதுதான் சுருக்கென்று தைத்தது. தாகத்தைவிட அந்தச் சந்தேகம்தான் அங்கே எல்லார் முகத்திலும் இருந்தது. எங்கள் ஊர்ச் சேற்றைப் பற்றி அரைகுறை ஆங்கிலத்திலும் முழுக் கை ஜாடையிலும் விளக்கினேன். நான் வாய்க்காலையும் விராலையும் நடித்துக் காட்டியதைப் பார்த்து உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் கைதட்டினார்.

மணி ஒன்றரை. நாலு மணிக்குத்தான் படகு.

நூலகர் பிரபுவைப் பார்த்தார். நூலகர் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். இருபது தென்னைக்குச் சொந்தக்காரர் அல்லவா.

பிரபு என்னைப் பார்த்தார். "கயிறு இல்லாம எப்புடி..." என்றார். ஹசன்பே கயிறு கொடுத்தார். காலில் மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்தார். என் இடுப்பளவு உயரம் ஏறினார். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார்.

"என்னங்க, எறங்கிடுங்க" என்றேன்.

"எறங்கத் தெரிஞ்சா எறங்க மாட்டனா."

மகிழினி அவர் காலைப் பிடித்து மணலில் வைத்தாள். அவ்வளவுதான் உயரம். ஹசன்பே வேட்டி மாதிரிக் கட்டியிருந்த கைலியை மடித்துக்கொண்டு, இருமியபடியே, உச்சிக்குப் போய்விட்டார். பதினாறு இளநீர் விழுந்தது. குழந்தைக்கு முதலில் வெட்டிக் கொடுத்தார்கள். என்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் அவளுக்குத்தான் முதலில்.

சோற்றுக்குத் தண்ணீர் இல்லை. அரிசியை இளநீரில் வேகவைத்தோம். குழம்பும் இளநீரில். சோறு இனித்தது, குழம்பும் இனித்தது. புளி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. எல்லாரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். ஹசன்பே ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"மீன் நல்லா இருக்கு மிஸ். ஆனா கடலைக் கழுவி ஊத்திட்டீங்க."

மேடம் தன் தட்டைத் தானே கடலில் கழுவி வைத்தார். நாலு மணிக்குப் படகு வந்தது. படகில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். படிவம் மூன்று கவருக்குள் பத்திரமாக, நனையாமல், நீட்டப்படாமல் இருந்தது.

6

மறுநாள் ஞாயிறு, இங்கே வேலை நாள். மேடமே கூப்பிட்டனுப்பினார். படிவத்தைக் கொடுத்தேன். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில், தமிழில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு கேள்வியாக டிக் போட்டுக்கொண்டு வந்தவர் பதினோராவதில் பேனாவை நிறுத்தினார். எனக்கு அந்தக் கேள்வி மனப்பாடம். ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'வளங்களைச் சிக்கனமாகக் கையாள்பவரா?'

"நீயே சொல்" என்றார்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அது வராதே. "சாக்பீஸ் விஷயத்தில் ஆம், மேடம். தாள் விஷயத்தில் ஆம். நேரத்துக்கு வந்துவிடுவேன். தண்ணீர் விஷயத்தில்..." என்று நிறுத்தினேன். நிறுத்தியவள் அப்படியே இருந்திருக்கலாம். என் அப்பா தண்ணீர் திறந்துவிடும் உத்தியோகத்தில் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவர் மகளா நீ" என்றார், அவரைத் தெரிந்தவர் போல. பிறகு குனிந்து எழுதினார்: 'சாக்பீஸ், தாள், நேரம்: ஆம். தண்ணீர்: இல்லை.' கையெழுத்தும் போட்டார்.

தலைநகரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'தண்ணீர்: இல்லை' என்றால் என்ன, விண்ணப்பதாரருக்கு ஏதேனும் உடல்நலக் குறைபாடா என்று. மேடம் பள்ளி முத்திரையோடு ஒரு பக்கம் பதில் எழுதினார். ஏழு அலசலையும் வரிசைப்படி எழுதினார், சாம்பல் உட்பட. கடைசி வரியில், 'மாணவர்கள் கணக்கில் தேறுகிறார்கள். இவரை விட மாட்டேன்' என்று இருந்தது. அந்தக் கோப்பு இப்போதும் அங்கே எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. மூன்று வாரத்தில் நீட்டிப்பு வந்தது.

அப்பாவிடம் நான் சொல்லவேயில்லை. மகிழினி சொன்னாள். வீடியோவில் அவர் முகம் தெரிந்ததும், "தாத்தா, அம்மா எல்லாத் தண்ணியும் மீனுக்குக் குடுத்துட்டா" என்றாள்.

அப்பா எவ்வளவு என்று கேட்டார்.

"அறுபது லிட்டர்பா" என்றேன்.

"எத்தன பேருக்கு உள்ளது?"

"பதினெட்டு."

அவர் குரல் பழைய மதகடிக் குரலாக மாறியது. "கடைமடைக்காரன் மொறைய எடுத்து நீ பாய்ச்சிருக்க. இருவத்தெட்டு வருஷம் நான் மொற வச்சுத் தண்ணி வுட்டவன். தண்ணி கம்மின்னா மொதல்ல என்ன செய்யணும்? எவ்வளவு கெடக்குன்னு பாக்கணும். அப்பறம் மொற வைக்கணும். மொற வராதவன் மதகத் தொடப்புடாது. அவன் பண்ணயாரா இருந்தாலும் சரி." மூச்சு வாங்கினார். "சரி, மீன் எப்புடி இருந்துச்சு?"

"இனிச்சுதுப்பா."

அதற்குமேல் அவரால் கோபமாக இருக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டுவிட்டார். எங்களுக்குக் கொஞ்ச நேரம் அவர் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

7

ஆக, இந்த வருடப் பட்டியலில் எனக்கு எதிரே 'ஒன்றும் வேண்டாம்'. மூன்று நாள் அதைத் தினமும் நின்று படித்தேன். இது கரிசனமா, பயமா? போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? கேட்காவிட்டால் எனக்கு ரோஷமே இல்லை என்று நினைப்பார்களா? நான்காவது நாள் மேடத்திடம் போனேன். எனக்கும் ஏதாவது கொடுங்கள் என்றேன்.

மேடம் பலகைக்கு வந்தார். பேனாவால் 'ஒன்றும் வேண்டாம்' என்பதை அடித்தார். யோசித்தார். எழுதினார்: தண்ணீர்.

பின்னால் நின்ற ஆமினா, "வேறு யாராவது மீனைக் கழுவட்டும், தாத்தா சொல்கிறேன்" என்றாள். "சரி தாத்தா" என்றேன். மூன்று வருடம் கழித்து, அக்காவைக் கூப்பிட வாய் வந்துவிட்டது.

நேற்று மாலை மூன்று டிரம்மையும் நிரப்பி எங்கள் வாசலில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டேன், இரண்டு முறை. பக்கத்தில் மகிழினி சின்ன நாற்காலி போட்டு, என் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காவல் இருக்கிறாள். பிரபு வெளியே போய்விட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். வீட்டுக்குள் போகச் சோம்பல்பட்டு ஒரு டிரம்மின் மூடியில் கை வைத்தார்.

விசில் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். திவேஹியில் ஏதாவது திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கைய எடுங்கப்பா" என்றாள். "உங்க மொற இன்னும் வரல."